அத்தியாயம் 7: பட்டறைக்குப் பாடப்படம் தயாரித்தல்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் நீங்கள் ஒரு யூனிட் நடத்தலாம். ஊரிலுள்ள அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கலாம். அல்லது கொலு பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் சிறு பட்டறையில், சீசனுக்கு முன் புதிதாக வந்த நாலு பேருக்கு வேலை பழக்க வேண்டியிருக்கலாம். வாயால் சொன்னது மறுநாள் காலையில் பாதி மறந்துபோகிறது. 'ஒரு சார்ட் போட்டு மாட்டிவிடலாமே' என்று தோன்றுகிறது. அந்தச் சார்ட்டை உருப்படியாகச் செய்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேர்கோடு, வட்டம், அம்புக்குறி போட வந்தால் போதும். போனில் எடுத்த படத்தின்மேல் டிரேசிங் ஷீட் வைத்துக் கோடு இழுக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.

முதலில் உடைசல் கூடையைப் பாருங்கள்

நான் பார்த்த பட்டறைச் சார்ட்டுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. 'செராமிக் உற்பத்தி முறை' என்று தலைப்பு. மண் தோண்டுவதில் தொடங்கிப் பேக்கிங் வரை பன்னிரண்டு கட்டங்கள், நடுநடுவே அம்புக்குறி. மேலே மூன்றில் ஒரு பங்கு இடத்தை நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் திறந்துவைத்தவரின் படமும் பிடித்திருக்கும். பார்வையிட வரும் அதிகாரிக்கு அது நிறைவாக இருக்கலாம். மோல்டைக் கையில் வைத்துக்கொண்டு 'இப்போது திறக்கலாமா?' என்று தயங்கி நிற்கும் பையனுக்கு அதில் எதுவும் இல்லை.

எந்தப் படத்தை வரைவது என்பதை உடைசல் கூடை சொல்லும். இந்த வரிசையில் போங்கள்:

1. ஒரு வாரத்து உடைசலைக் கொட்டாமல் சேர்த்து வையுங்கள்.
2. காரணப்படி குவியல் பிரியுங்கள்: விரிசல், கோணல், கிளேஸில் ஊசித்துளை, அளவுக் குறைவு. எந்தக் குவியல் பெரியதோ அதுவே உங்கள் முதல் சார்ட்.
3. அந்தப் பொருளைச் செய்தவரிடம், 'எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்தது?' என்று கேளுங்கள். 'ஏன் தப்பாகச் செய்தாய்?' என்று கேட்டால் உண்மை வராது.
4. ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: 'இந்தப் படத்தைப் பார்த்தவர், ________ என்பதைத் தானே முடிவு செய்வார்.' கோடிட்ட இடத்தில் இரண்டு விஷயம் வந்தால் இரண்டு படம் போட வேண்டும்.

நாலாவது படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். 'ஸ்லிப் காஸ்டிங் பற்றித் தெரிந்துகொள்வார்' என்று எழுதினால் அது வாக்கியமே அல்ல. 'மோல்டைத் திறக்கும் நேரம் வந்துவிட்டதா என்று விளிம்பைப் பார்த்து முடிவு செய்வார்' என்று எழுதினால், எதை வரைய வேண்டும், எதை விட வேண்டும் என்பது உடனே தெளிவாகிவிடும்.

கேள்விக்கு ஏற்ற படம்

'எந்த வரிசையில்?' என்ற கேள்விக்கு எண்ணிட்ட கட்டங்கள். 'உள்ளே என்ன நடக்கிறது?' என்றால் வெட்டுத் தோற்றம். 'எப்போது, எவ்வளவு?' என்றால் வரைகோடு. 'இதுவா, அதுவா?' என்றால் சரியையும் தவறையும் பக்கத்தில் பக்கத்தில். 'எங்கே இருக்கிறது?' என்ற கேள்விக்கு மட்டும் புகைப்படம் நன்றாகப் பொருந்தும், சூளையின் எந்த வால்வு, எந்த மீட்டர் என்பதைப் போல.

மற்ற இடங்களில் போட்டோ பெரும்பாலும் ஏமாற்றும். ஈரமான களிமண்ணும் ஈரமான பிளாஸ்டரும் போட்டோவில் ஒரே சாம்பல்தான். பின்னால் கிடக்கும் வாளி, தொங்கும் சட்டை எல்லாம் கண்ணை இழுக்கும். போட்டோவை வரைவதற்கு மூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்துபார்ப்போம்: ஸ்லிப் காஸ்டிங் சார்ட்

பெரிய குவியல் கோணல்தான் என்று வைத்துக்கொள்வோம். பொம்மையின் உடம்பு ஒரு பக்கம் நசுங்கி, விளிம்பு நெளிந்து வருகிறது. விசாரித்தால், மோல்டைச் சீக்கிரம் திறந்துவிடுகிறார்கள்.

வேலை இப்படி நடக்கிறது. காய்ந்த பிளாஸ்டர் மோல்டில் ஸ்லிப்பை, அதாவது களிமண் குழம்பை, ஊற்றுகிறோம். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, சுவரோரம் களிமண் படிகிறது. வேண்டிய தடிமன் வந்ததும் மிச்ச ஸ்லிப்பை வடித்துவிடுகிறோம். உள்பக்க மினுமினுப்பு மறைகிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் போனதும் களிமண் சுருங்கி மோல்டை விட்டு விலகுகிறது. விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு இடைவெளி தெரிகிறது. திறக்க வேண்டிய நேரம் அதுதான். பழகியவர் அதை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். புதியவருக்கு அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாது.

ஆகவே சார்ட்டின் நடுநாயகம் அந்த மயிரிழைதான். மீதி எல்லாம் அதற்குத் துணை.

1. கட்டங்களை எண்ணுங்கள். மோல்டைத் துடைத்தல், கட்டுதல், ஊற்றுதல், குறைந்ததை நிரப்புதல், காத்திருத்தல், வடித்தல், விளிம்பு சீவுதல், திறத்தல், பிசிறு சீவுதல், காயவைத்தல் என்று பத்து வரும். பத்தையும் ஒரே சார்ட்டில் போடாதீர்கள். கோணலுக்குக் காரணமானவை காத்திருத்தல், வடித்தல், திறத்தல் ஆகிய மூன்றே. முதல் சார்ட் இந்த மூன்றுக்கு மட்டும்.

2. ஒரே பார்வைக் கோணத்தைப் பிடியுங்கள். மோல்டைச் செங்குத்தாக நடுவில் வெட்டினாற்போன்ற தோற்றம். மூன்று கட்டத்திலும் அதே அளவு, அதே திசை. ஒரு கட்டத்தில் மேலிருந்து, அடுத்ததில் பக்கவாட்டில் என்று மாற்றினால், பார்ப்பவர் மாறிய கோணத்தையே மாறிய செயல் என்று எண்ணிக்கொள்வார்.

3. பிளாஸ்டருக்கு ஒரு நிரப்பு, களிமண்ணுக்கு ஒரு நிரப்பு. பிளாஸ்டர் புள்ளிப் புள்ளியாக, படிந்த களிமண் அடர்த்தியாக, ஸ்லிப் வெறுமையாக இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் எந்த ஊரிலும் உண்டு. ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாருக்கும் அதே கதிதான்.

4. மயிரிழையைப் பெரிதாக்குங்கள். மூன்றாம் கட்டத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு சிறு வட்டம். அதிலிருந்து கோடு இழுத்து, பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெரிய வட்டம். அதனுள் பிளாஸ்டரின் விளிம்பு, களிமண்ணின் விளிம்பு, நடுவில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடைவெளி. உண்மையில் அது இவ்வளவு அகலமாக இருக்காதுதான். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காட்டத்தான் படம். பக்கத்தில் 'பெரிதாக்கிக் காட்டியது' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த அகலம் வரும்வரை காத்திருந்து, பொருள் மோல்டுக்குள்ளேயே விரிசல் விட்டுவிடும்.

5. தவறையும் வரையுங்கள், ஆனால் சிறியதாக. இடைவெளி இல்லாதபோது திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நெளிந்த விளிம்பு. அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. சரியான படத்தைவிடத் தவறான படம் பெரிதாக இருந்தால் தவறுதான் நினைவில் நிற்கும்.

6. எழுத்தைப் படத்தின் மேலேயே போடுங்கள். 1, 2, 3 என்று படத்தில் எண் போட்டுவிட்டுக் கீழே 'குறிப்பு' என்று பட்டியல் எழுதும் பழக்கத்தை விடுங்கள். கண் மேலும் கீழும் அலையும்போது கையிலிருக்கும் மோல்டு சாயும். பொருளுக்குப் பக்கத்தில் அதன் பெயர், இடையில் குறுகிய கோடு.

> குறிப்பு: காத்திருக்கும் நேரத்தை '15 நிமிடம்' என்று அடித்துவிடாதீர்கள். மோல்டின் ஈரம், ஸ்லிப்பின் கெட்டி, மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் அதை மாற்றும். நேரத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம் விட்டு லேமினேட் செய்யுங்கள். அன்றன்று ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதி அழிக்கலாம்.

தடிமன் பற்றிய ஒரு தப்பெண்ணத்துக்குத் தனியாக ஒரு சின்னப் படம் போடுவது நல்லது. பத்து நிமிடத்தில் 3 மி.மீ. படிந்தால் இருபது நிமிடத்தில் 6 மி.மீ. படியும் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். படிந்த களிமண்ணே தண்ணீருக்குத் தடையாக நிற்பதால் போகப்போக வேகம் குறையும். தடிமன் இரண்டு மடங்காக, ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். 10 நிமிடத்தில் 3 மி.மீ. என்றால் 6 மி.மீ.க்கு 40 நிமிடம். 10, 20, 30, 40 என்று நாலு வெட்டுத் தோற்றங்களை வரிசையாக வரைந்து, முறையே 3, 4.2, 5.2, 6 மி.மீ. தடிமன் காட்டினால் போதும். இந்த எண்கள் விதிக்கான எடுத்துக்காட்டுதான். உங்கள் ஸ்லிப்பில் அளந்து உங்கள் எண்களைப் போடுங்கள்.

சூளை வரைகோடு: தெரிந்தவருக்கு மட்டும் புரியும் படம்

கல்லூரிப் பாடத்தில் வரும் சுடும் வரைகோடு எளிமையானதுதான். படுக்கையில் மணி, நெடுக்கையில் டிகிரி. பட்டறையில் அதை அப்படியே ஒட்டினால் பாதிப் பேர் அதை மலைப்படமாகத்தான் பார்ப்பார்கள். கோடு ஏறுகிறது, சமமாக ஓடுகிறது, இறங்குகிறது. அதனால் நான் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கோடு பதில் சொல்வதில்லை.

கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே ஒரு 'செயல் பட்டை' சேருங்கள். கோடு எந்த இடத்தில் போகிறதோ, அதற்கு நேர் கீழே அப்போது செய்ய வேண்டியது படமாக இருக்க வேண்டும்.

- தொடக்கத்திலிருந்து சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை: ஈரம் ஆவியாகும் பகுதி. படம்: சூளையின் மேல்திறப்பு திறந்திருக்கிறது, ஆவி வெளியேறுகிறது. செயல்: மெல்ல ஏற்று. இங்கே அவசரப்பட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் நீராவியாகிப் பொருளை வெடிக்க வைக்கும்.
- சுமார் 450 முதல் 600 வரை: களிமண்ணோடு வேதியியல் முறையில் கட்டுண்ட நீர் வெளியேறும். இதே பகுதியில் 573 டிகிரியில் குவார்ட்ஸ் உருமாறிச் சட்டென விரியும். இந்த இடத்தைக் குறுக்கே ஓடும் ஒரு சாம்பல் பட்டையாக, ஏறும் கோட்டையும் இறங்கும் கோட்டையும் வெட்டும்படி வரையுங்கள். ஏறும்போது மட்டும் குறித்துவிட்டு, இறங்கும்போது விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. ஆறும்போது வரும் விரிசலுக்கும் அதே 573 காரணமாகலாம்.
- உச்சம்: சுடுமண் விளக்குக்கு ஒரு அளவு, பீங்கானுக்கு ஒரு அளவு. சுடுமண் பொதுவாக 1000 டிகிரிக்கு உள்ளே முடியும். பீங்கான் 1200-க்கு மேலே போகும். இரண்டையும் ஒரே சார்ட்டில் போட்டால் யாராவது ஒருநாள் தப்பான கோட்டைப் பார்த்துச் சூளையை ஏற்றுவார். இரண்டு சார்ட், இரண்டு நிறக் கரை.
- ஆறுதல்: பூட்டுப் போட்ட கதவின் படம். கதவு திறக்கும் வெப்பநிலையைப் பெரிய எண்ணில் போடுங்கள்.

கிளேஸ் சார்ட்டுகளில் சிலர் சூளைக்குள் தெரியும் நிறத்தை வைத்து வெப்பநிலை சொல்லும் பட்டை ஒன்றைச் சேர்க்கிறார்கள்: மங்கிய சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நான் சேர்க்க மாட்டேன். அச்சடித்த ஆரஞ்சு ஒளிவிடாது. ஒரு கடையின் ஆரஞ்சு அடுத்த கடையில் செங்கல் நிறமாக வரும். ஜன்னல் வெளிச்சத்தில் சூளை மங்கலாகத் தெரியும், இரவில் பிரகாசமாகத் தெரியும். ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் 1880-களில், சூளைக்குள் வைத்தால் வளைந்து சுடும் அளவைக் காட்டும் கூம்புகளைச் செய்ததே கண்ணை நம்பிச் சுடும் பழக்கத்துக்கு மாற்றாகத்தான். நிறப்பட்டைக்குப் பதில் கூம்பை வரையுங்கள்: நிமிர்ந்து நிற்கும் கூம்பு, பாதி வளைந்த கூம்பு, முனை தரையைத் தொடும் கூம்பு. மூன்றாவதன் பக்கத்தில் 'நிறுத்து'.

சுருக்கம்: அளவைக் காட்டும் படம் அளவாக இருக்க வேண்டும்

ஃபியூஸ் கேரியர் போன்ற மின்சாரப் பொருள்கள் செய்யும் யூனிட்டுகளில் அளவுக் குறைவு பெரிய தலைவலி. பித்தளைப் பகுதி பொருந்தாவிட்டால் முழுப் பெட்டியும் திரும்பி வந்துவிடும்.

இந்தத் தவறு கணக்கில் தொடங்குகிறது. ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை உங்கள் மண் 12% சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுட்டபின் 10 செ.மீ. வேண்டும். பையன் 10-உடன் 12% கூட்டி 11.2 என்று மோல்டு செய்கிறான். 12% என்பது ஈர அளவிலிருந்து குறைவது. சுட்ட அளவோடு கூட்டுவதல்ல. 10-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும். விடை 11.36 செ.மீ. அவன் செய்த 11.2 செ.மீ. மோல்டிலிருந்து வருவது 9.86 செ.மீ. ஒன்றரை மி.மீ. அளவுக்குக் குறைவு.

இதற்குச் சூத்திரத்தைச் சுவரில் எழுதினால் யாரும் போட்டுப் பார்க்கப் போவதில்லை. அளவுகோலையே மாற்றி வரைந்து கொடுத்துவிடலாம்:

1. சாதாரண 15 செ.மீ. அளவுகோல் ஒன்றைக் கணினியில் வரையுங்கள். இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருள் போதும்.
2. அதை நகலெடுத்து நீளவாக்கில் மட்டும் 113.6% ஆக்குங்கள். இதுதான் 12% சுருக்கத்துக்கான 'மோல்டு ஸ்கேல்'.
3. மேலே சாதாரண ஸ்கேல், கீழே மோல்டு ஸ்கேல், இரண்டின் சுழியும் ஒரே நேர்கோட்டில். மேலே 'சுட்டபின்', கீழே 'மோல்டில்'.
4. ஏ4 தாளில் அச்சிடுங்கள். பிரிண்டர் அமைப்பில் 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட்டு 100% அளவில் எடுங்கள். மறந்தால் எல்லாக் கோடும் சற்றே சுருங்கி வரும், கண்ணுக்குத் தெரியாது.
5. அச்சிட்டதை இரும்பு ஸ்கேலால் அளந்து பாருங்கள். மேல் ஸ்கேலின் 15, உண்மையில் 15 இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள்.
6. மூலையில் எந்த மண், எந்தத் தேதியில் அளந்த சுருக்கம் என்று எழுதுங்கள்.

இதை வைத்து அளப்பவருக்குக் கணக்கே வேண்டாம். கீழ் ஸ்கேலில் '10' காட்டும் இடத்தில் வெட்டினால் சுட்டபின் 10 வரும்.

சுருக்கத்தைப் படமாகக் காட்டும்போது உயரத்தை மட்டும் குறைத்து, அகலத்தை அப்படியே விடுவதும் நடக்கிறது. விளக்கு எல்லாப் பக்கமும் சுருங்கும். நீளத்தில் 12% போனால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எண்ணெய் கொள்ளும் அகலுக்கு இது முக்கியம். பெரிய விளக்கின் வெளிக்கோட்டுக்குள் சிறிய விளக்கை வைத்து வரைந்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமென்றால் விதி வேறு. வியன்னாவில் 1920-களில் ஓட்டோ நியூராத் குழுவினர் பொதுமக்களுக்கான புள்ளிவிவரப் படங்களுக்கு ஒரு வழக்கத்தை நிறுவினார்கள்: கூடுதலைக் காட்டப் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடு. உடைசல் கணக்குப் பலகைக்கு இது கச்சிதம். 10 உடைந்த விளக்குக்கு ஒரு விளக்குப் படம். வாரத்துக்கு ஒரு வரிசை.

சின்னங்கள்: குறைவாக, மாறாமல்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்த காலத்தை ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஏணிப்படிகள், அட்டைகள், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகூடத் தன் சின்னத்தைப் பார்த்து அட்டையை எடுத்துக்கொள்ளும். முறையைப் பற்றி ஆயிரம் விவாதம் இருந்தது. ஆனால் சின்னம் மாறாமல் இருந்தால் எழுத்து இல்லாமலே வழி தெரியும் என்பதை அது காட்டியது.

பட்டறைக்கு ஆறு சின்னம் போதும்: பார், தொடு, காத்திரு, எடை போடு, நிறுத்து, ஆளைக் கூப்பிடு. எல்லாச் சார்ட்டிலும் அதே கண், அதே கை, அதே கடிகாரம். வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ள யூனிட்டில் இதன் அருமை உடனே தெரியும்.

பாதுகாப்புச் சின்னங்களை மட்டும் நீங்களாகக் கண்டுபிடிக்காதீர்கள். அவற்றுக்கு உலக வழக்கம் இருக்கிறது: தடைக்குக் குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம், கட்டாயம் செய்ய வேண்டியதற்கு நீல வட்டம், எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம், அவசர வழிக்கும் முதலுதவிக்கும் பச்சை. அழகுக்காக முகக்கவசச் சின்னத்தைப் பச்சையில் போட்டால் அது வேறு பொருள் தரும்.

தமிழ் எழுத்து

- பட்டறையில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். மோல்டு, ஸ்லிப், கிளேஸ், பிஸ்கட் என்று பேசும் இடத்தில் 'களிமண் குழம்புக் கலவை' என்று எழுதினால் அது என்ன புதுப் பொருள் என்று தேடுவார்கள். கல்லூரித் தேர்வுக்குத் தமிழ்க் கலைச்சொல் வேண்டுமென்றால் பக்கத்தில் சிறிய எழுத்தில் சேர்க்கலாம்.
- பத்தடி தூரத்திலிருந்து படிக்க வேண்டிய எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்கட்டும். தமிழில் புள்ளியும் சுழியும்தான் முதலில் மறையும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் தூரத்தில் ஒன்றாகிவிடும். மெல்லிய எழுத்துருவைத் தவிர்த்துத் தடித்த, நேரான எழுத்துருவை எடுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் சுழிகள் அடைந்துகொள்ளும்.
- 'திறக்கலாம்', 'திறக்கக் கூடாது' இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. அவசரத்தில் படிப்பவர் முடிவுவரை படிக்க மாட்டார். மறுப்பைச் சொல்லில் மட்டும் விடாமல் சிவப்புக் குறியோடு சேர்த்தே போடுங்கள்.
- ஒரு கட்டத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்.

டிடிபி கடையில்

வீட்டில் யூனிகோடில் அழகாக அடித்த எழுத்து, கடைக்குப் போனதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறும். பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான தேர்வைத் தனியாக இயக்க வேண்டும். திருத்தக்கூடிய கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். கடைக்காரர் 'நானே அடிச்சுத் தர்றேன்' என்றால், வெளியே போவதற்கு முன் திரையில் ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பாருங்கள். அவசரத்தில் 'ஸ்லிப்' 'ஸ்லிப'வாகப் போனால் சிரித்துவிட்டுப் போகலாம். '120' '1200' ஆகிவிட்டால் சிரிக்க முடியாது.

ஃப்ளெக்ஸ் மலிவு, ஆனால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பளபளக்கும், வெப்பத்தில் சுருளும். சன்போர்டில் ஒட்டிய மேட் லேமினேஷன் நல்லது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் புரியவில்லை என்றால் வண்ணத்திலும் சிலருக்குப் புரியாது.

அச்சிடும் முன் சோதனை

1. பென்சில் வரைவை, அந்த வேலையைச் செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள்.
2. 'புரிகிறதா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் 'புரியுது சார்' என்பார்கள். 'இதைப் பார்த்துச் செய்து காட்டுங்கள்' என்று மோல்டைக் கையில் கொடுங்கள்.
3. அவர் கை எங்கே நின்று யோசிக்கிறது என்று பாருங்கள். அந்தக் கட்டத்தைத் திருத்துங்கள்.
4. அவர் எதைப் பார்க்கவே இல்லையோ, அதை அழித்துவிட முடியுமா என்று பாருங்கள்.
5. வேறொருவரிடம் திரும்பச் சோதியுங்கள். முதலாமவர் இப்போது கற்றுக்கொண்டவர். அவர் சாட்சி செல்லாது.

பாதுகாப்பு: படமெடுக்கும்போதும் மாட்டும்போதும்

- சூளையின் பார்வைத் துளைக்கு நேராகப் போனை நீட்டிப் படமெடுக்காதீர்கள். வெப்பமும் அகச்சிவப்புக் கதிரும் கண்ணுக்குக் கெடுதல். கூம்பைப் பார்க்க அதற்கான கண்ணாடி அணிய வேண்டும்; சார்ட்டில் கூம்பின் பக்கத்தில் அந்தக் கண்ணாடியையும் வரையுங்கள்.
- பிளாஸ்டர் கலக்கும் சார்ட்டில், இறுகும்போது அது 60 டிகிரி வரை சூடாகலாம் என்பது இருக்க வேண்டும். 'கை அச்சு' எடுக்கிறேன் என்று பிளாஸ்டருக்குள் கையை விட்டு விரல்களை இழந்தவர்கள் வெளிநாட்டுப் பள்ளிகளில்கூட உண்டு. பள்ளிக் குழந்தைகள் பட்டறை பார்க்க வரும் நாளில் இந்தச் சார்ட்டைக் குழந்தைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள்.
- பட்டறைத் தூசியில் சிலிகா உண்டு. பல ஆண்டுகள் மூச்சில் போனால் நுரையீரல் கெடும். 'சுத்தம் செய்' என்பதற்கு விளக்குமாறு படம் போட்டுவிடாதீர்கள். ஈரத்துணி, வாளி. சார்ட்டின்மேல் படியும் தூசியையும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.
- தாள், ஃப்ளெக்ஸ் எதுவும் சூளைச் சுவரிலோ பர்னருக்கு மேலேயோ கேஸ் குழாயின்மேலோ வேண்டாம். படிக்க எட்டிச் சாய வேண்டிய இடத்திலும் வேண்டாம். சூளைச் சார்ட், ஆள் நின்று மீட்டரைப் பார்க்கும் இடத்துக்குப் பின்பக்கச் சுவரில் இருந்தால், ஒவ்வொரு தடவையும் சூட்டுக்கு முதுகைக் காட்ட வேண்டிவரும். மீட்டருக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள்.

மாட்டியபின்

ஒரு சுவரில் ஒரு வேலைக்கு ஒரு சார்ட். காஸ்டிங் மேசைக்கு மேலே காஸ்டிங், கிளேஸ் தொட்டிக்கு மேலே கிளேஸ். அலுவலக அறையில் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டினால் கண்காட்சி ஆகும்.

கீழ் மூலையில் சிறியதாகத் தேதி, எந்த மண், எந்தச் சூளை. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணோ வேறு ஊர்ச் சீனக் களிமண்ணோ, லோடு மாறும்போது சுருக்கத்தைத் திரும்ப அளந்து பாருங்கள். எண் மாறியிருந்தால் பழைய மோல்டு ஸ்கேலை அன்றைக்கே கழற்றிக் கிழித்துவிட்டு, புதியதை அதே ஆணியில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே நாளில் சுவரில் தொங்கக் கூடாது.